கழலாத செயின்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

மச்சான்,

நீ அனுப்பிய கேம் கதையை வாசித்து மூன்று மாதமாகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே. பேப்பர் திருத்தம், அம்மாவின் கண் ஒப்பரேஷன், பிறகு கூரை வேலை. இப்போது எல்லாரும் சுகம். இன்னும் அந்தத் தாடியோடுதான் திரிகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கதையில் வரும் மேஜரை எனக்குப் பிடிக்கவில்லை. சண்டையில் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். காதலிலும் அதே ஆளாக நின்றால் எப்படி? முதல் சந்திப்பில் கண்ணடிக்கிறான், நடுவில் இரண்டு பரிசு, மூன்றாவது உரையாடலில் உன் கதாநாயகி மயங்கிவிடுகிறாள். 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் கேமிலும் பரிசு கொடுக்கக் கொடுக்க விருப்பப் புள்ளி ஏறும். உண்டியலில் காசு போட்டு வரம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அப்போதே உன்னிடம் சொன்னேன்.

மாஸ் எஃபெக்ட் 2 கேமில் வரும் கேரஸை நினைத்துப் பார். குறி தப்பாத ஆள். கதைக்கப் போனால், பீரங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், பிறகு பார்ப்போம் என்பான். அவனே, நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட்டின் அறைக்கு வைன் போத்தலோடு வந்து நிற்கும்போது நாக்குக் குழறுகிறது. எனக்கு உடனே நம் டீம் கப்டன்தான் நினைவுக்கு வந்தான். மைதானத்தில் ஊரையே அதட்டுகிறவன், அவனுக்குப் பிடித்தவள் டியூஷன் முடிந்து பரமேஸ்வராச் சந்தியால் வரும்போது மட்டும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கழலாத செயினை மாட்டுவான். விரலெல்லாம் கிறீஸ். துணி கொடுக்கிறது நீ.

மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகத்தில் கேரஸும் ஷெப்பர்ட்டும் உயரத்தில் ஏறிப் போத்தலை எறிந்து சுடுகிறார்களே, அங்கே நம் முறை வரும்போது வேண்டுமென்றே தவறவும் விடலாம். நான் தவறவிட்டேன். அவன் அடித்த பெருமை இருக்கிறதே! விளையாடுகிறவன் தன் கையாலேயே தோற்றுக்கொடுக்கிறான், அதைவிடக் காதல் வசனம் எதற்கு? உன் கதையில் கைக்கு வேலையே இல்லை, எல்லாம் வாய்.

இன்னொன்று. இதை எப்படிச் சொல்வதென்றுதான் இவ்வளவு நாளும் இழுத்தடித்தேன். சிப்பாயின் மிடுக்கு வேறு ஊரில் கவர்ச்சியாக இருக்கலாம். நீயும் நானும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு ஆமிச் சென்றியடியில் நின்றவர்கள். துவக்கு வைத்திருந்தவன் சிரித்தால் நாமும் சிரித்தோம். அது விருப்பமாடா? உன் கதையில் அவள் மேஜருக்குக் கீழே வேலை செய்கிறவள். அவன் சீருடையோடு வந்து கேட்கிறான். மாட்டேன் என்று அவள் சொல்ல நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மாஸ் எஃபெக்ட் 2இல் ஹொரைசன் என்ற குடியேற்றத்தில், ஷெப்பர்ட்டின் பழைய தோழி ஆஷ்லி, காதலித்தவன் என்றும் பாராமல், செர்பரஸ் என்ற தீவிரவாதக் கும்பலோடு சேர்ந்துவிட்டாயே என்று அவனை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போகிறாள். அவளும் சிப்பாய்தான். முதல் பாகம் முழுக்கப் பிடிக்காத அவளை எனக்கு அந்த இடத்தில்தான் பிடித்தது.

திருத்தி அனுப்பு. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் தாடிக் கதையை ஊருக்கெல்லாம் சொல்வேன்.

அப்புறம், கப்டனைப் போன கிழமை சந்தியில் கண்டேன். மகளின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன், இந்த முறை உண்மையாகவே கழன்றுதான் இருந்தது.

உன்,
கணக்குக் கொப்பிக்காரன்