ஒன்பது கரண்டிகள்

வில்லாபுரம், மதுரை
தை மாதம்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இந்தக் கடிதம் வரும் அட்டைப்பெட்டியில் அம்மா கொடுத்த இட்லிப் பொடிக்குக் கீழே ஒன்பது பிளாஸ்டிக் கரண்டி இருக்கும். ஐஸ்கிரீம் கரண்டிதானே என்று தூக்கிப் போட்டுவிடாதே. ஒவ்வொன்றிலும் வெள்ளி பெயின்டை ஒவ்வொரு விதமாக அடித்துப் பார்த்து, பின்பக்கம் நம்பர் எழுதியிருக்கிறேன். நீ செய்யும் பிளாஸ்டிக் மாடல் விமானத்துக்கு அடிக்கும்போது "வெள்ளி சாம்பல் மாதிரி விழுதுப்பா, மண்ணு மண்ணா இருக்கு" என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. முப்பத்தொரு வருஷம் வண்டிக்கு வெள்ளி அடித்தவன், மகள் கேட்டதற்குப் பதில் தெரியாமல் இருந்தால் எப்படி?

நீ விட்டுப்போன ஏர்பிரஷ்ஷையும், அதுதான் பேனா மாதிரிப் பிடித்துப் பெயின்ட் தெளிக்கும் அந்தக் குட்டி ஸ்பிரே கன், அதற்குக் காற்று கொடுக்கும் சின்னக் கம்ப்ரஸரையும் பரணிலிருந்து இறக்கினேன். என் ஸ்பிரே கன்னுக்கு பெயின்ட் வரும் துளை, நாஸில், 1.4 மில்லிமீட்டர்; காற்றழுத்தம் 45 பிஎஸ்ஐ. கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று அடிப்பேன். உன்னுடையது 0.3. காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, மூன்று விரல் தூரத்தில் வைத்து அடித்த பிறகுதான் அது என் சொல் கேட்டது. அதற்கே இரண்டு நாள் ஆனது.

வெள்ளி பெயின்டை ஒரு நிறம் என்று நினைக்காதே பாப்பா. வைகை மணலில் மின்னுமே காக்காப்பொன், அந்த மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்குப் பொடியான அலுமினியச் செதில்கள் அதில் மிதக்கின்றன. ஓடு வேய்ந்தது மாதிரி எல்லாம் படுக்கையாக விழுந்தால் வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பி உலோகமாகத் தெரியும். ஒன்று நின்று, ஒன்று சாய்ந்து விழுந்தால் வெளிச்சம் சிதறிச் சாம்பலாகிவிடும். காரிலும் இதேதான். ஆனால் காருக்குத் தின்னர் இருந்தது. உனக்குத் தண்ணீர்.

இரண்டாம் நம்பரைத் தடவிப் பார். மதியம், ஃபேன் ஓட, ஒரு சாண் தள்ளி அடித்தது. துளி கரண்டிக்கு வந்து சேருவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிட்டது. செதில்கள் படுக்க ஈரம் இல்லை. நீ சொன்ன மண்ணு மண்ணு இதுதான் என்று நினைக்கிறேன். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கிறாயா? குளிர் நாட்டில் ஹீட்டர் போட்ட அறைக்காற்று சித்திரை வெயில் மாதிரி வறண்டு கிடக்கும். அடிக்கும் நேரத்துக்கு அதை அணைத்துவிடு. ஊசி முனையிலும் பெயின்ட் காய்ந்து ஒட்டும். திடீரென்று பொத்தென்று துப்புவது அதனால்தான். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு விடு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, கிளீனரில் நனைத்த பிரஷ்ஷால் முனையைத் துடை.

மூன்றாம் நம்பர் என் தப்பு. தண்ணீர் பெயின்ட்தானே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். அடியில் அடித்திருந்த வழவழப்பான கறுப்பின் மேல் அது ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டது. நீ வாங்கும் வல்லேஹோ கம்பெனியின் மெட்டல் கலர் பெயின்ட் ஏர்பிரஷ்ஷுக்கென்றே நீர்க்கக் கலந்துதான் வருகிறது. இளக்கியே ஆக வேண்டுமென்றால் அவர்கள் தின்னரை மட்டும் ஊற்று. பாட்டிலை மட்டும் நன்றாகக் குலுக்கு, செதில் அடியில் உட்கார்ந்துவிடும். கலக்குவதற்கு உள்ளே குண்டு போடுவதானால் எவர்சில்வர் குண்டு போடு. சைக்கிள் பால்ரஸ் வேண்டாம், தண்ணீரில் துருப்பிடித்து வெள்ளியைக் கெடுத்துவிடும்.

இனி ஐந்தையும் ஆறையும் எடுத்து ஜன்னல் பக்கம் போ. இரண்டும் ஒரே பாட்டில், ஒரே கை, ஒரே காலை. ஐந்துக்கு அடியில் சாம்பல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, ஆறுக்கு அடியில் பளபளக்கும் கறுப்பு. எங்கள் பட்டறையில் சர்ஃபேஸர் என்ற சாம்பல் அடிப்பூச்சின் மேல்தான் வெள்ளி அடிப்போம். மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு ஏறிப் பளபளப்பைக் கொடுத்துவிடும். உன் வேலையில் பளபளப்பு கீழேயிருந்து வருகிறது. ஆறைப் பார்த்ததும் கரண்டி நிஜமாகவே எவர்சில்வரோ என்று அம்மா சுண்டிப் பார்த்தாள். அந்தக் கறுப்புக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, கறுப்பு அடித்து, ஒரு முழு நாள் தொடாமல் வை. கறுப்பில் இருக்கும் ஒரு மயிரிழைக் கீறலைக்கூட வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வெள்ளியை மூடுபனி மாதிரி மெல்ல, மூன்று நான்கு தடவை. முதல் தடவையில் கறுப்பு தெரிகிறதே என்று பதறி அங்கேயே நிறுத்தி அடித்தால், ஈரம் தேங்கிச் செதில் மிதந்து திட்டாகிவிடும்.

எட்டு எனக்கு மனசு கேட்காத கரண்டி. பாதிக்குக் கிளியர் கோட் அடித்தேன், பாதியை விட்டேன். அடித்த பாதி மங்கிவிட்டது. கிளியர் போடாத வெள்ளியை நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதே இல்லை. ஆனாலும் இதில் போடாதே என்றுதான் சொல்வேன். ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் மட்டும் போட்டுக்கொள். வெள்ளி அடித்த பிறகு ஏர்பிரஷ்ஷைத் தனித் தண்ணீரில் கழுவு. ஒரு செதில் தங்கினாலும் அடுத்து அடிக்கும் வெள்ளையில் வந்து மின்னும்.

இன்னொன்று. வாசனை இல்லை, அதனால் மாஸ்க் வேண்டாம் என்று போன தடவை சொன்னாய். நான் வேலை பழகிய பட்டறையில் மாஸ்க் கிடையாது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்போம். ராத்திரி என் இருமல் கேட்டு வளர்ந்தவள் நீ. உன் அறையில் தின்னர் வைக்கக் கூடாது என்று அன்றைக்குச் சத்தம் போட்டது அதற்காகத்தான். உன் விளையாட்டைப் பிடிக்காமல் இல்லை. நீ தண்ணீர் பெயின்டுக்கு மாறியதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உன்னிடம் சொன்னதே இல்லை. ஆனால் புகையாய்ப் பறக்கிற எதுவும் நெஞ்சுக்குள் போகத்தான் போகும், அது தண்ணீரில் கரைத்ததாக இருந்தாலும். மாஸ்க் போடு, ஜன்னலைத் திற. இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

ஷோகேஸில் நீ பாதியில் விட்ட மிக்-21 போர் விமான மாடல் இருக்கிறது. நிஜ விமானம் 1963இல் நம் விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அன்றைக்கு ராத்திரி நீ போன் செய்து ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினாய். ஆரம்பத்தில் வந்தவை வெள்ளி உடம்போடு பறந்தவை, ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாக மின்னும் என்றாயே, ஒன்பதாம் நம்பர் அதற்குத்தான். டேப்பை உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்து, பட்டை பட்டையாக மறைத்து, அலுமினியத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்த வெள்ளியைக் கலந்து அடித்தேன். கோடு அவ்வளவு நேராக வரவில்லை. உன் கைக்கு வரும்.

விமானத்தைக் கழுவி, தேய்த்து, கறுப்பு மட்டும் அடித்து வைத்திருக்கிறேன். வெள்ளியை நான் தொடவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்கும் என்றாய். அதற்குள் கறுப்பு நன்றாக இறுகியிருக்கும்.

அன்புடன்,
அப்பா