மானெக்‌ஷாவின் கூர்க்கா தொப்பி: அருங்காட்சியகங்கள் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 போரின்போது இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியிருந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகை பார்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய கூர்க்கா தொப்பி ஒன்றை, குடும்பத்தாரிடமோ 8 கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவிடமோ கேட்டுப் பெற்று, உதகை அரசு அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு வேண்டுகிறேன்.

பதக்கங்களை விட்டுத் தொப்பியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அகன்ற விளிம்புள்ள அந்தக் கம்பளி ஃபெல்ட் தொப்பியை, நேபாள வம்சாவளியினரான கூர்க்கா வீரர்கள் வலப்பக்கம் சாய்த்து, அதன் வார் கீழுதட்டுக்கு அடியில் படியும்படி அணிவார்கள். மானெக்‌ஷா தொடக்கத்தில் கூர்க்கா அதிகாரி அல்லர். அவர் பணியாற்றியது பிரிட்டிஷ் இந்தியப் படையின் 12ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் 4ஆம் பட்டாலியனில். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் ஜப்பானியரின் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தது அந்தப் பட்டாலியனில் இருந்தபோதுதான். பிழைக்கமாட்டார் என்று எண்ணிய மேலதிகாரி டேவிட் கோவன், தம் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப்பதக்கத்தின் நாடாவையே கழற்றி அவருக்கு அணிவித்தார். 1947 பிரிவினையில் அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. யாரோடு நின்று இரத்தம் சிந்தினாரோ அவர்களே வேற்று நாட்டுப் படையினராக, அவர் 8 கூர்க்கா ரைபிள்ஸ் அதிகாரி ஆனார். கூர்க்கா பட்டாலியன் ஒன்றை அவர் நேரடியாக வழிநடத்தியதே இல்லை; ஆனாலும் 1969இல் தரைப்படைத் தலைமைத் தளபதியான பின்னும் அந்தத் தொப்பியை விடவில்லை. பிரிவினையின் இழப்பையும் அதன்பின் கிடைத்த உறவையும் ஒருசேரச் சொல்லக்கூடிய பொருள் அவருடைய உடைமைகளில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விளக்கப்பலகை தமிழில், முழுமையாக இருக்க வேண்டும். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும், 1973 ஜனவரியில் கிடைத்த ஃபீல்டு மார்ஷல் பதவியும் எப்படியும் இடம்பெறும். வெலிங்டனில் உள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் தளபதியாக இருந்த காலத்தில் அவர்மீது விசாரணை ஏவப்பட்டு, குற்றமற்றவர் என்று அவர் விடுவிக்கப்பட்டதும் விடுபடாமல் எழுதப்பட வேண்டும். அது நீலகிரியிலேயே அவர் பட்ட துன்பம்.

உதகையின் ஈரக்காற்றில் கம்பளி பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். ஆகவே காற்றுப்புகாத கண்ணாடிப் பேழை, மங்கலான விளக்கு, ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கிய பிறகே தொப்பியைப் பெற்றுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்டக் குடிமகன் ஒருவன்