பேரனின் மூச்சு

அன்புள்ள மகளுக்கு,

பேரனுக்கு மறுபடியும் ஆஸ்துமா இளைப்பு வந்ததை எழுதியிருந்தாய். “அவன் உடம்பு வாகு அப்படி” என்று மாப்பிள்ளை சொன்னாராம். பாதிதான் சரி. சுருங்கும் மூச்சுக்குழாய் பிறவியிலேயே வாய்த்திருக்கலாம். அதைச் சீண்டிவிடுவது சளிக்காய்ச்சலாகவும் இருக்கும், சாலைப் புகையாகவும் இருக்கும். சிறுவர்கள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் உள்ளே போகும் காற்றும் அதிகம். போதாக்குறைக்கு, வண்டிகளின் புகைக்குழாய் உயரத்துக்கு அருகில்தான் அவர்கள் மூக்கும் இருக்கிறது.

லண்டனில் நெரிசலான சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா (Ella Adoo-Kissi-Debrah) என்ற சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். வயது 9. அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். புகையின் ஆபத்தைத் தாயிடம் யாரும் சொல்லவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான். அப்பா தொணதொணக்கிறார் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

நன்றாக இருக்கிறான் என்று தினசரி இன்ஹேலரை நீயாக நிறுத்தாதே. உள்ளே இருக்கும் வீக்கத்தை அடக்கிவைப்பது அதுதான்; இளைக்கும்போது இழுப்பது வேறு இன்ஹேலர். ஸ்பேசர், அதாவது இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய், இல்லாமல் கொடுத்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். குலுக்கி, ஒரு தடவை அழுத்தி, அவன் நிதானமாக நாலைந்து மூச்சு இழுக்கட்டும். பிறகுதான் அடுத்தது. தினசரி மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்க வை.

இளைப்பு வந்தால் சட்டையைத் தூக்கிப் பார். விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா? ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுகிறானா? அப்படியானால் இளைக்கும்போது இழுக்கும் இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடு, விடியட்டும் என்று காத்திருக்காதே. சீழ்க்கைச் சத்தம் நின்றும் அவன் திணறினால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

விளையாட்டை மட்டும் தடுக்காதே. காற்றுத் தரக் குறியீடு மோசமான நாளில் வீட்டுக்குள் ஆடட்டும், மற்ற நாளில் ஓடட்டும். பள்ளிக்குப் பெரிய சாலையை விட்டு உள்தெரு வழியாகக் கூட்டிப் போ. ஒரு தெரு தள்ளினாலே புகை குறையும்.

பள்ளி வாசலில் வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன என்றாயே, அதற்குத் தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மற்றப் பெற்றோருக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா