ஐஸ் கம்பெனி கொட்டகையில் வாத்தியம் வாசித்தவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் உறவுகளுக்கு,

அப்பாவின் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. வந்தவர்களிடம் நின்று பேச எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்த மடல்.

கடற்கரைக்கு அவர் ஐஸ் கம்பெனிக்காரர். திருவிழாக் கூட்டத்துக்கு, வாத்தியக்குழுவின் முன்னால் கைகாட்டி நிற்பவர். இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகு போகாது, ஐஸுக்கும் ஆள் வராது. அம்மோனியா மெஷின் சத்தம் அடங்கியதும் கொட்டகையில் பெஞ்சு போட்டுவிடுவார். கடலுக்குப் போகிற தம்பிகள் மாலையில் கரையில் இருப்பது அப்போதுதானே! வருமானமில்லாத அந்த இரண்டு மாதத்துக்காக அப்பா பத்து மாதம் காத்திருப்பார்.

உப்புக்காற்றில் வயலின் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். மதுரையிலிருந்து கம்பி வாங்கி வந்து கொடுத்த பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை உங்களைத்தான் நம்பியிருந்தோம். படகு என்ஜின் வேலை பார்க்கும் மாமா, டிரம்பெட் வால்வைத் தொடுமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்கள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்வார். கீழக்கரையிலிருந்து கிளாரினெட் வாசிக்க வந்த பாய், தடைக்காலத்தில் ரம்ஜான் வந்த வருடங்களில் தூக்குவாளியில் நோன்புக்கஞ்சியும் கொண்டுவருவார். மொத்தக் குழுவும் அதைக் குடித்துவிட்டுத்தான் வாத்தியத்தை எடுக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த தம்பிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

அப்புறம், பாக்கி விஷயம். அப்பாவின் கணக்கு நோட்டு அரைகுறைதான். எழுதாமலே ஐஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். அடக்கம் முடிந்த வாரமே படகுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பணத்தோடு வந்தார்கள். "நோட்டுல இல்லாட்டி என்ன தாயி, வாங்குனவன் எனக்குத் தெரியும்ல" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பணத்தில்தான் கரண்ட் பில் கட்டினோம். மெஷின் ஓடுகிறது.

அடக்கத்தன்று அவர் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு வாசித்தீர்கள். முதல் பாட்டில் வேகம் கூடிப்போனது. அப்பா இருந்திருந்தால் இடது கையைத் தாழ்த்தியிருப்பார். இரண்டாவது பாட்டில் நீங்களே அடக்கிக்கொண்டீர்கள். அம்மா அப்போதுதான் அழுதார்.

வருகிற தடைக்காலத்துக்கும் கொட்டகை உங்களுடையதுதான். பெஞ்சுகளைத் துடைத்து வைத்திருக்கிறோம். சாவி டீக்கடை அக்காவிடம் இருக்கும்.

அன்புடன்,
மகள், பாம்பன்