சீனு, வண்டியை விற்கவில்லை

அன்புள்ள சீனு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். ரமாவுக்கு முழங்கால் வலி தேவலை. வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாயாமே, அதற்கு நேரில் வந்துதான் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி சாகக் கிடந்து பிழைத்திருக்கிறது.

நீ சான் ஹோசே வந்தபோது கூரையைத் திறந்துவிட்டு ஸ்கைலைன் மலைப்பாதையில் 9,000 ஆர்பிஎம் வரை இழுத்தேனே, ‘முருகா’ என்று டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாயே, அதே 2001 ஹோண்டா எஸ்2000 கார்தான். இப்போது 2,14,000 மைல். நம் கணக்கில் 3,44,000 கிலோமீட்டர்.

ஜனவரியில் ஒரு குளிர்ந்த காலையில் கிளப்பும்போது முன்பக்கம் படபடவென்று சத்தம். சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி ஓட்டுவோமே, அதேதான். இஞ்சின் சூடானதும் நின்றுவிடும். மறுநாள் காலையில் மறுபடியும். ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைக்கூட முழுசாகத் தூக்காமல், “இவ்வளவு ஓடிய இஞ்சினில் இனி என்ன இருக்கிறது, மாற்றிவிடுங்கள்” என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டி விலையில் பாதி. இரண்டு வாரம் சாவியைத் தொடவில்லை. விற்பதற்குக் காகிதங்களைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ராத்திரி நம் கோவை ஆவாரம்பாளையம் மெக்கானிக் செல்வம் அண்ணன் ஞாபகம் வந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்பாரே! நானும் அப்படியே கேட்டேன். கீழே, கிராங்க் பக்கம் நிசப்தம். சத்தம் முழுக்க, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில். அதன் ஸ்பிரிங் சோர்ந்துபோனால் செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும். வெளியிலிருந்தே கழற்றலாம், இரண்டே போல்ட். புதிது போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை கிளப்பினேன், ஒரு சத்தமும் இல்லை. கண் கலங்கிவிட்டது சீனு.

கையோடு டாப்பட்டையும் பார்த்தேன், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியை. இன்டேக்குக்கு 0.21 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.25 முதல் 0.29 இருக்க வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளியை அளக்கும் 0.20 ஃபீலர் கேஜ் தகடே இழுத்துப் பிடித்தது. “சத்தம் போடுற டாப்பட்டுக்குப் பயப்படாத கண்ணு, சத்தமே போடாததுக்குப் பயப்படு” என்பார் அண்ணன். அன்று தலையாட்டினோம், இப்போதுதான் புரிந்தது. இடைவெளி குறைந்தால் வால்வு சீட்டில் முழுசாக உட்காராது. உட்காராவிட்டால் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை, விளிம்பு கருகிவிடும். அதே பட்டறைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் டாப்பட் பார்க்கச் சொல்லிப் பணம் கட்டியிருந்தேன். ராக்கர் கவரையே கழற்றியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷனும் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு! டர்போ இல்லாமல் 2 லிட்டரில் 240 குதிரைசக்தி தரும் இஞ்சின் இத்தனை ஓடிய பிறகும் இப்படி நிற்கிறது என்றால், அதைக் கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். என் பங்கு ஒன்றுதான்: பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன். இந்த இஞ்சினை உயர் சுற்றில் ஓட்டினால் ஆயில் குடிக்கும். 6,000 ஆர்பிஎம் வாக்கில், வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் பெரிய கேமுக்கு மாறுவதும் ஆயில் அழுத்தத்தில்தான். ஆயில் குறைந்தது தெரியாமல் விரட்டிக் கெடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உன் எஸ்டீம் காரில் ஆயிலைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? ரவி சொன்னான், விளக்கு எரிந்தால்தான் பார்ப்பாயாம். இன்றைக்கே பார்.

என் கவலை இனிமேல் தேய்மானம் இல்லை, பாகங்கள். 2009-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் ‘இனி வராது’ என்கிற சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சிலிண்டர் சுவரோ நார் கலந்த அலுமினியம். ஆவாரம்பாளையத்தில் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத் தருவார்களே, அந்தக் கதை இதில் சுலபமாக நடக்காது. துணிக்கூரை மடிப்பில் கிழிந்திருக்கிறது. கிளட்ச், வீல் பேரிங், கேஸ்கெட் என்று கிடைக்கும்போதே வாங்கி அலமாரியில் அடுக்குகிறேன். ரமா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு அலமாரி வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு பையன் நல்ல விலைக்குக் கேட்டான். அவனுக்கு வேண்டியது மைல் கம்மியான வண்டி, இது பிடித்துப்போனது வேறு கதை. கொடுக்கவில்லை. அருணுக்கு இப்போது கிளட்ச் பழக்குகிறேன். இரண்டாவது கியரை அவசரப்படுத்தாதே என்று சொல்லும்போது என் குரல் செல்வம் அண்ணன் குரல் மாதிரியே இருக்கிறது.

அவர் உடம்பு எப்படி? கண் ஆபரேஷன் என்று ரவி சொன்னான். மறைக்காமல் எழுது. டிசம்பரில் வருகிறேன். அந்தப் பழைய டென்ஷனரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். அதே கம்பியில், அதே இறுக்கத்தில் ஸ்பிரிங் சுற்ற அங்கே யாரால் முடியும் என்று அவரிடம் கேட்டு வை.

உன்,
குமார்