செயலாளரின் ஆண்டறிக்கை: பின்பால் உதிரிபாகப் பணி

மதிப்பிற்குரிய தலைவருக்கும் சிகாகோ வட்டார உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. எஃகுப் பந்தை மட்டையால் தட்டி ஆடும் பின்பால் இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்களும், காயிலுக்குள் (மின்காந்தக் கம்பிச்சுருள்) செருகும் நைலான் ஸ்லீவ்களும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இந்த ஆண்டின் பெரும்பணி 1960, 70களின் இயந்திரங்களில் ஆட்டப் பலகைக்கு மேல் பொருத்தும், படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தகடுகளைச் செய்தது. தயாரிப்பு நிறுவனங்களில் காட்லீப் 1996இலும், பாலி நிறுவனத்தின் பின்பாலையும் வாங்கியிருந்த வில்லியம்ஸ் 1999இலும் பின்பால் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இதை நாமேதான் செய்தாக வேண்டும். ஸ்லிங்ஷாட் (மட்டைகளுக்குச் சற்று மேலே பந்தை உதைத்துத் தள்ளும் முக்கோணப் பாகம்) மேலுள்ள தகடுதான் முதலில் உடைகிறது. 80 கிராம் எஃகுப் பந்து எகிறி அடித்தால் மூலை தெறித்துவிடும். விளக்குச் சூட்டில் வளைந்தது மட்டுமென்றால் இரு கண்ணாடிகளுக்கிடையே வைத்து, அடுப்பில் சுமார் 90 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அப்படியே ஆறவிட்டால் நிமிரும். சூட்டோடு எடுத்தால் மறுபடி வளையும்.

அசல் தகட்டில் மை கீழ்ப்பக்கம் இருக்கிறது. மேலிருந்து ஸ்கேன் செய்தால் படம் கண்ணாடியிலிருந்து தகட்டின் தடிமனளவு தள்ளி நிற்கும். மெலிந்த, மலிவான ஸ்கேனர்களில் அது மங்கிவிடுகிறது. கனமான பழைய வகையில் 600 டிபிஐ வைத்தால் தெளிவாக வரும். வெளுத்த சிவப்பின் உண்மை நிறத்தைத் திருகுத் தலை மறைத்திருந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காகிதத்தில் அச்சிட்டு வெட்டி, இயந்திரத்தின் திருகுகளோடு துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு 1.5 மி.மீ. பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் தகட்டின் கீழ்ப்பக்கம் படத்தை இடவலம் திருப்பி அச்சிட்டு, அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். வெள்ளை மெலிந்தால் கீழிருக்கும் பல்ப் புள்ளியாகத் தெரியும், தடித்தால் ஒளியே வராது. அக்ரிலிக் நொறுங்கும், பாலிகார்பனேட் லேசரில் கருகும்.

காயில் சுற்றும் பணியும் தொடர்ந்தது. காயிலின் எண் ஏஇ-26-1200 என்றால் 26 கேஜ் (கம்பித் தடிமன் அளவு) கம்பி, 1200 சுற்று. சுற்றைக் குறைத்தால் மின்தடை குறைந்து சூடேறும். ஃபிளிப்பர் (பந்தைத் தட்டும் மட்டை) காயில் கருகினால் புதியதை மாட்டுமுன், மட்டை உயர்ந்து முடியும்போது அதன் சுவிட்ச் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதியதும் கருகும். ஏசி மின்சாரத்தில் ஓடும் பழைய இயந்திரக் காயிலில் டையோடு வைக்காதீர்கள்; ஃபியூஸ் போய்விடும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். உடையாத முழுத் தகட்டுத் தொகுதி வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர் பணிநாட்களில் தலைகாட்டவில்லை. சந்தா செலுத்தாமலே தகடு கேட்டு வந்தவர்களும் உண்டு. முழுத் தகடு கிடைக்காமல், கையிலிருக்கும் உடைந்த துண்டுகளை ஒட்டிப் படம் எடுத்தால் இணைப்புக் கோடுகளைத் திருத்துவதிலேயே வாரக்கணக்கில் நேரம் போகிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உண்டு. லேசர் வெட்டித் தந்த பட்டறைக்கும் கூடம் தந்தவர்களுக்கும் நன்றி.

நிலுவைச் சந்தா வந்தால்தான் வரும் ஆண்டுக்குக் கம்பியும் தகடும் வாங்க முடியும். இயந்திரத்தை விற்க நினைப்பவர்கள் அதற்குமுன் தகடுகளை ஒரு மாலை மட்டும் எங்களிடம் தாருங்கள். அன்றே ஸ்கேன் செய்து திருப்பித் தந்துவிடுகிறோம்.