பிக்வீத் செய்ய நான் முதலில் போய்ச்சேர வேண்டுமே!

சிவமயம்

அன்பு மகளுக்கு, காரைக்குடியிலிருந்து ஆத்தா எழுதுவது.

உன் மெயில் வந்தது. சித்திரையில் வரும்போது மங்குச் சாமான்களை, அதுதான் எனாமல் பாத்திரங்களை, உனக்கு பிக்வீத் (bequeath) செய்துவிடச் சொல்லி இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். அப்பச்சிக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. அந்தச் சொல்படி நடக்க வேண்டுமென்றால் சித்திரைக்குள் நான் போய்ச்சேர வேண்டுமடி!

பிக்வீத் என்பது செத்த பிறகு போய்ச்சேரும்படி உயிலில் எழுதிவைக்கிற வினை. இன்றைக்கே இரண்டு சாட்சி வைத்து எழுதினாலும் என் காலத்துக்குப் பிறகுதான் பொருள் உன் கைக்கு வரும், நடுவில் மனசு மாறினால் அதை ரத்து செய்துவிட்டு வேறு உயில் எழுதிவிடுவேன். உயிரோடு இருக்கிறவள் எடுத்துக் கொடுப்பதற்கு கிவ் போதும். பெரிய சொல்லாகப் போட்டால்தான் மரியாதை என்பது உன் ஆபீஸ் பழக்கம்.

நம் ஊரிலேயே பாரேன். மின்வேதியியல் ஆய்வுக்கூடம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், அவர் காலமானது 1957-இல், கொடுத்ததோ அதற்குப் பல வருஷம் முன்னாடி. அதை பிக்வீத் என்று எழுதினால் தப்பு, டொனேட் என்றுதான் எழுத வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் 1616 உயில் இன்னும் வேடிக்கை. மூத்த மகளுக்கு வீடுவாசலை எழுதும்போது கிவ், வில், பிக்வீத், டிவைஸ் என்று நாலு வினையையும் அடுக்கியிருக்கிறார் (பழைய வக்கீல் கணக்கில் டிவைஸ் நிலபுலனுக்கு, பிக்வீத் நகைநட்டு, பாத்திரம், பணத்துக்கு), பெண்டாட்டிக்கு மட்டும் வெறும் கிவ், அதுவும் வரிகளுக்கு நடுவில் செருகி, இரண்டாந்தரக் கட்டிலை! அந்த அம்மாள் என்ன நினைத்தாளோ.

பெயர்ச்சொல் வேண்டுமானால் பிக்வெஸ்ட். பிக்வீத் ஆளைவிட்டுப் பொதுவாகவும் வரும், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கடனை விட்டுப்போனது என்பது மாதிரி. அங்கேயும் விட்டவர் விலகியாக வேண்டும்.

சரி, சாமானுக்கு வருகிறேன். எல்லாம் என் கல்யாணத்தில் பரப்பியது, எனக்கே சொந்தம், பங்காளிகள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மங்கு வாளியும் அடுக்குச் சட்டியும் உனக்கு, மரவை என்கிற மரப் பாத்திரம் தங்கச்சிக்கு. வீட்டுப் பங்கு வேறு பேச்சு, அப்பச்சி தனியாக எழுதுவார். மங்கு உதிராமல் பழைய சேலை சுற்றி வைக்கிறேன், நீ பெட்டியில் கிலோ மிச்சம் வைத்துக்கொண்டு வா.

ஆத்தா